டிஸ்பைட்டுக்கும் இன் ஸ்பைட் ஆஃபுக்கும் நான் கண்டுபிடித்த வித்தியாசம்

சங்கரன்கோவிலில் தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் மனு எழுதிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அடிக்கடி மூச்சு வாங்கும் ஒரு ஜெராக்ஸ் மிஷின், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. கலெக்டருக்கும் தாசில்தாருக்கும் போகிற மனுக்கள் தமிழில். ரயில்வேக்கும், வங்கியின் தலைமை அலுவலகத்துக்கும், வளைகுடாவில் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் போகிறவை இங்கிலீஷில். இங்கிலீஷில் எழுதுகிறவன் என்பதால் எனக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதைக்குத் தகுந்த இங்கிலீஷ் என்னிடம் இருக்கிறதா என்று இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்கத் தெரிந்தவன் என் கடைக்கு ஏன் வரப்போகிறான்?

உண்மையைச் சொன்னால் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஏறக்குறைய நாற்பது வாக்கியம். அதையே முன்னே பின்னே மாற்றிப் போட்டு இருபது வருடம் குடும்பம் நடத்திவிட்டேன்.

இந்த நாற்பதில் ஒரு வாக்கியம் எல்லாக் கடிதத்திலும் வரும். ‘நான் ஏற்கெனவே எழுதியும் நீங்கள் ஒன்றும் செய்யவில்லை’ என்கிற வாக்கியம். எங்கள் தொழிலே அதை நம்பித்தான் இருக்கிறது. முதல் கடிதத்துக்கு எவனும் பதில் போடுவதில்லை. அப்புறம் நினைவூட்டுக் கடிதம், அதற்கப்புறம் இன்னொரு நினைவூட்டு. ஊருக்கு வடக்கே தண்டவாளத்தை ஒட்டி உளுந்து போடுகிற சம்சாரி ஒருவர் பல வருடங்களுக்கு முன் வந்தார். தண்டவாளத்துக்கு அடியில் போகிற ஓடைப் பாலத்தில் மண் மூடி, மழை பெய்தால் தண்ணீர் முழுக்க அவர் உளுந்துக் காட்டில் நிற்கிறதாம். ரயில்வேக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டு எழுதினேன், ‘டிஸ்பைட் மை எர்லியர் லெட்டர்’ என்று ஆரம்பித்து. பதில் இல்லை. மறுபடி வந்தார்.

“ஏன் வே, போன தடவ போட்ட அதே வார்த்தையவே போடப் போறீரு? அதுக்குத்தான் அவன் அசையலைலா. கொஞ்சம் வெயிட்டாப் போடும்.”

வெயிட்டுக்கு என்ன செய்வது? ‘டிஸ்பைட்’ இருந்த இடத்தில் ‘இன் ஸ்பைட் ஆஃப்’ என்று போட்டேன். ஒரு சொல் மூன்று சொல்லானதில் அவருக்குத் திருப்தி. அதற்கும் ரயில்வே அசையவில்லை. அடுத்த முறை எனக்குத் தெரிந்ததிலேயே நீளமான ‘நாட்வித்ஸ்டாண்டிங்’கை இறக்கினேன். அவர் பேப்பரில் அந்த வார்த்தையை விரலால் தடவிப் பார்த்தார்.

“இது என்ன வே, கூட்ஸ் வண்டி மாதிரி போயிக்கிட்டே இருக்கு?”

“இதுக்கு மேல இங்கிலீஷ்ல வார்த்தையே கிடையாது அண்ணாச்சி.”

பத்துப் பதினைந்து நாளில் ரயில்வே ஆட்கள் மண்வெட்டியோடு வந்து ஓடையைத் தூர்வாரிவிட்டுப் போனார்கள். மழைக்கு முன்னால் எப்போதாவது அவர்களாகவே செய்கிற வேலைதான் அது. ஆனால் அவர் சுற்று வட்டாரம் முழுக்கச் சொல்லிவிட்டார். அப்புறம் வந்தவர்கள் எல்லாம், “அந்த மூணாவது வார்த்தைய மொதல்லயே போட்டுரும்” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்போது சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்காது. “அப்படி எடுத்த எடுப்புல போடக் கூடாது. அதுக்கு முறை இருக்கு. மொத நினைவூட்டுக்கு டிஸ்பைட், அது பணிவு. ரெண்டாவதுக்கு இன் ஸ்பைட் ஆஃப், அது வருத்தம். நாட்வித்ஸ்டாண்டிங் கடைசி, அது கோவம். முறை மாறிப் போட்டா ஆபீஸ்ல கிழிச்சிப் போட்டுருவான்” என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னேன். பெஞ்சில் இருந்த நான்கு பேரும் தலையாட்டினார்கள். அதிலிருந்து அதுதான் சட்டம். திரும்பத் திரும்பச் சொன்னதில், அதை உண்டாக்கியவன் நான்தான் என்பது எனக்கே மறந்துபோனது.

கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

என் மனைவி பதினோரு வருடமாக ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் தபாலில் படித்து இங்கிலீஷில் பி.ஏ. வாங்கினாள், பி.எட். முடித்தாள். முடித்து என்ன, தினமும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக் கூடவே ஆட வேண்டும். “நாப்பத்தஞ்சு வயசுல இன்னும் தவளை மாதிரி குதிக்க முடியலங்க” என்பாள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் ஒரு கதையைக் கொடுத்து, ‘இந்த ஆள் ஏன் இப்படிச் செஞ்சான்?’ என்று கேட்டு, அவர்கள் சண்டை போட்டுப் பதில் சொல்வதைப் பார்க்க வேண்டும். அதுதான் அவளுடைய ஆசை. ஊருக்கு வெளியே ராஜபாளையம் ரோட்டில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரைக்கும் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு மூன்று வருடமாக விண்ணப்பம் போட்டாள். போன கோடைக்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டார்கள். மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஆறாம் வகுப்பில் டெமோ எடுக்க வேண்டும். பிரின்சிபால் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். பாடம் என்ன தெரியுமா? டிஸ்பைட், இன் ஸ்பைட் ஆஃப், நாட்வித்ஸ்டாண்டிங்.

மறுநாள் காலையில் நான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கையில் தோசைக் கரண்டியும் இன்னொரு கையில் புத்தகமுமாக வந்தாள்.

“ஏங்க, இத ஒரு நிமிசம் பாருங்க. டிஸ்பைட், இன் ஸ்பைட் ஆஃப், ரெண்டும் ஒண்ணுதான்னு நெனைக்கேன். ஒண்ணு ஒத்தச் சொல்லு, இன்னொண்ணு மூணு சொல்லு. டிஸ்பைட்டுக்குப் பொறத்தால ஆஃப் போடக் கூடாது. நாட்வித்ஸ்டாண்டிங் கொஞ்சம் கோர்ட்டு பாஷை. சரிதான?”

சரிதான். முழுக்கச் சரி. அவள் கேட்டது கேள்விகூட இல்லை. தலையை ஆட்டச் சொன்னாள், அவ்வளவுதான். ஒரு வாய் தோசையை மென்றுகொண்டே ஆட்டியிருக்கலாம்.

ஆட்டவில்லை. இரண்டும் ஒன்று என்றால் இத்தனை வருடமாக நான் பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னதெல்லாம் என்ன? ‘எனக்குத் தெரியலை, பாத்துச் சொல்லுதேன்’ என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை மட்டும் என் தொண்டைக்கு மேலே ஏறி வந்த வரலாறே கிடையாது. தெரியாத ஊருக்கு வழி கேட்டால்கூட கை நீட்டிக் காட்டிவிடுகிற ஜாதி நான்.

“ஒண்ணுன்னா எதுக்குட்டி ரெண்டு வார்த்தை வச்சிருக்கான்? வெள்ளக்காரன் என்ன கிறுக்கனா?”

அவள் சிரித்தாள். “நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு இதக் கேக்கீங்களே. கோயில்ல சிவனும் பெருமாளும் ஒரே சிலையில ஆளுக்குப் பாதியா நிக்காங்க. ரெண்டு பேரு இருக்கத்தான செய்யுது?”

இதைவிட நல்ல விளக்கம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் இருக்காது. அங்கேயே கும்பிட்டு விழுந்திருக்க வேண்டும்.

“சாமி வேற, கிராமர் வேற” என்றேன். சொல்லிவிட்டு, அண்ணாச்சிமாருக்கு எடுக்கிற அதே பாடத்தை எடுத்தேன். பணிவு, வருத்தம், கோபம். மூன்று படி. ஆரம்பித்த பிறகு எனக்கே உற்சாகம் வந்துவிட்டது.

“புஸ்தகத்துல அப்படி ஒண்ணும் போடலையே?” என்றாள்.

“புஸ்தகத்துல எல்லாம் போடுவானா? இது எழுதி எழுதி வாறது. நான் எத்தன கடிதாசி எழுதியிருப்பேன்!”

அவள் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்த பழக்கம் ஜெயித்தது. “சரி, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

அந்த வாக்கியத்தைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையைக் கழுவிவிட்டு வந்து, அவள் வாங்கி வைத்திருந்த சார்ட்டில் நானே ஸ்கெட்ச் பேனாவால் படமும் போட்டுக் கொடுத்தேன். கீழ்ப்படியில் ஒருவன் கும்பிடுகிறான். நடுப்படியில் இடுப்பில் கை வைத்து நிற்கிறான். மேல்படியில் மீசையை முறுக்கிக்கொண்டு விரலை நீட்டுகிறான். படம் நன்றாகவே வந்திருந்தது.

கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்தேன். ஆள் யாரும் வரவில்லை. ஆள் வந்திருந்தால் தப்பித்திருப்பேன். சும்மா உட்கார்ந்ததில், காலையில் அவள் கேட்டதே திரும்பத் திரும்ப வந்தது. கடையநல்லூரில் எனக்கு ஒரு சிநேகிதர், பதினெட்டு வருடம் சவுதியில் இருந்துவிட்டு வந்து ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவருக்குப் போன் போட்டேன்.

“பாய், ஒரு விசயம். டிஸ்பைட்டுக்கும் இன் ஸ்பைட் ஆஃபுக்கும் என்ன வித்தியாசம்?”

“யா அல்லாஹ், காலங்காத்தால இதுக்கா போன் போட்டீரு? நான் பதினெட்டு வருசம் இருந்தேன். ரெண்டையும் ஒருத்தனும் சொல்லிக் கேக்கல. நாங்க ‘பட்’டுன்னு சொல்லிட்டுப் போயிக்கிட்டே இருப்போம். ஏன், எவனாவது கேஸ் போட்டுட்டானா?”

“இல்ல பாய், சும்மா.”

“சும்மா கேக்குற ஆளா வே நீரு? கொரலு நடுங்குதே.”

வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் தேடினேன். இருபது வருடத்தில் முதல்முறை. முதலில் வந்த பக்கத்தில் இரண்டும் ஒரே பொருள் என்று இருந்தது. அது சரியில்லாத பக்கமாக இருக்கும் என்று அடுத்ததைத் திறந்தேன். அதிலும் அப்படியே. ஆறு பக்கம் பார்த்தேன். பணிவும் இல்லை, வருத்தமும் இல்லை, மீசையும் இல்லை. என் மனைவி தோசைக் கரண்டியோடு நின்று சொன்னதைத்தான் ஆறு பேரும் இங்கிலீஷில் சொல்லியிருந்தார்கள்.

மணி பத்து இருபத்தைந்து. அவளுக்குப் போன் போட்டேன். ‘தொடர்புகொள்ளும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்றது ஒரு பெண் குரல். திரும்பப் போட்டேன். அதே பெண் குரல் அதையே சொன்னது. நாலாவது தடவை அந்தக் குரலிடமே விசயத்தைச் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. கடை ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். ஏன் பாதி என்று கேட்காதீர்கள். முழுதாக மூடத் தோன்றவில்லை.

ஊரைத் தாண்டியதும் ரோட்டை அடைத்துக்கொண்டு செம்மறி ஆடுகள். குருவிகுளம் பக்கமிருந்து வயலில் கிடை போட வந்தவை, இருநூறாவது இருக்கும். ஹாரனை அழுத்தினேன். ஆட்டுக்காரர் கம்பை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார்.

“ஆரன் அடிக்காதீங்க அண்ணாச்சி, மெரளும். என்ன அவசரம், ஆசுபத்திரிக்கா?”

“பள்ளிக்கூடத்துக்கு.”

அவர் என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்தார். “அப்ப மெல்லத்தான் போங்களேன்” என்றார்.

ஆடுகளுக்கு நடுவே காலை ஊன்றி ஊன்றி வண்டியைத் தள்ளியபடி போனேன். பயம் வந்தால் மனிதனுக்கு எதெல்லாம் தோன்றும் பாருங்கள். டிஸ்பைட் த ஷீப், இன் ஸ்பைட் ஆஃப் த ஷீப் என்று மாற்றி மாற்றி மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஏதாவது ஒரு துளி வித்தியாசம் கிடைத்துவிடாதா என்று. ஆட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன், வயதானவர். என்ன விசயம் என்று கேட்டார். ‘என் மனைவி உள்ளே தப்பாகப் பாடம் நடத்தப் போகிறாள், சொல்லிக் கொடுத்தவன் நான்தான், ஒரு நிமிடம் விடுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். விட்டிருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. என் வண்டியில் எனக்கு மதியத்துக்கு அவள் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சோறு டிபன் கேரியரில் தொங்கியது. அதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“டெமோ எடுக்க வந்திருக்காங்கள்லா, எங்க வீட்டுல. சாப்பாட்ட மறந்துட்டு வந்துட்டாங்க.”

“பதினோரு மணிக்கே சாப்பாடா அண்ணாச்சி?”

“சுகர் இருக்கு.”

இப்படி, சர்க்கரை வியாதி இல்லாத ஒருத்திக்கு அதையும் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

கீழ்த்தளத்தில் வரிசையாக வகுப்புகள். அவள் குரல் மூன்றாவது அறையிலிருந்து கேட்டது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வீட்டில் பேசுகிற குரல் இல்லை அது. நிதானமாக, ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகப் பேசுவது போல இருந்தது. ஜன்னல் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன். கரும்பலகையில் என் சார்ட் தொங்கியது. மீசைக்காரனைக் காட்டி அவள் என்னவோ சொல்ல, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்பெஞ்சில் பிரின்சிபால் அம்மாவும் சிரித்தார்.

தடுக்க வந்தவன் நான். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ஒரு கணம், என் படத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குள் குளிர்ந்தது. இதை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரு பையன் எழுந்து இங்கிலீஷும் தமிழும் கலந்து கேட்டான். ‘டிஸ்பைட் த ரெயின்’ என்று எங்கள் பாடத்தில் இருக்கிறதே, மழையிடம் எதற்கு மிஸ் பணிவாகப் பேச வேண்டும்? வகுப்பு மறுபடி சிரித்தது. அவள் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். அப்போது பிரின்சிபால் எழுந்து நின்றார். இங்கிலீஷில், கோபமே இல்லாமல் கேட்டார். “இந்த விதி எங்கே இருக்கிறது மேடம்? எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.”

பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். கதவு எனக்கு நாலு எட்டு தூரம். போய், ‘அது என்னுடையது மேடம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன்’ என்றால் முடிந்தது. இங்கிலீஷ்கூடத் தேவையில்லை.

நான் குனிந்தேன். பக்கத்தில் பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கிற பெரிய எவர்சில்வர் டிரம் இருந்தது. அதற்குப் பின்னால் ஐம்பத்திரண்டு வயது ஆள், டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. “இட் இஸ் மை மிஸ்டேக், மேம்.”

அதற்குமேல் கேட்கவில்லை. குனிந்தபடியே வராண்டா முடிகிற வரை நடந்து, அப்புறம் நிமிர்ந்து, வாசலுக்கு வந்தேன்.

“குடுத்துட்டீங்களா?” என்றார் வாட்ச்மேன்.

“குடுத்தாச்சு.”

அவர் என் கையைப் பார்த்தார். கேரியர் கையிலேயே இருந்தது. நானும் பார்த்தேன். வண்டியைக் கிளப்பினேன்.

மூன்று மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது நான் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தேன். இதுவரை செய்ததெல்லாம் தராசில் ஒரு தட்டு என்றால் அடுத்துச் செய்தது இன்னொரு தட்டு. ஒன்றும் தெரியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு, “எப்படிப் போச்சு?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் போச்சு. சொல்லி அனுப்புதோம்னு சொன்னாங்க” என்றாள். சார்ட்டை மடித்து பீரோவுக்கு மேலே போட்டாள். சேலை மாற்றிக்கொண்டு காப்பி போட்டாள். எனக்கும் சேர்த்துத்தான்.

நாலு நாள் அப்படியே போனது. நான் வெங்காயம் உரித்தேன். துணி காயப்போட்டேன். கேட்காமலேயே தண்ணீர்க் குடம் தூக்கினேன். “என்ன, ஒடம்புக்கு முடியலையா?” என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் கடையிலிருந்து வரும்போது இன்று சொல்லிவிட வேண்டும் என்று வருவேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று ஆகும். சாப்பிட்ட பிறகு, அவளே மறந்திருப்பாள், நாம் ஏன் கிளற வேண்டும் என்று ஆகும். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

கடையிலும் ஓடவில்லை. வங்கிக்கு மூன்றாவது நினைவூட்டு எழுத ஒருவர் வந்தார். ‘டிஸ்பைட்’ என்று போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“மூணாவது வார்த்தை எங்க வே?”

“மூணும் ஒண்ணுதான் அண்ணாச்சி. நான் சொன்னது தப்பு.”

“தப்பா? எங்க மச்சானுக்கு மட்டும் கூட்ஸ் வண்டிய விட்டீரு, எனக்கு ட்ரை சைக்கிளா? எதுத்த கடையில எழுதிக்கிடுதேன்.” போயே விட்டார். உண்மையை முதல்முறை சொன்னதற்குக் கிடைத்தது அது. அவரிடம் எவ்வளவு லேசாகச் சொல்ல முடிந்தது என்பதுதான் என்னைக் குத்தியது. யாரோ ஒரு ஆளிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்ல முடியவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஆறிலிருந்து எட்டு வரைக்குமான வேலையை வேறொரு டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு இடம் இருக்கிறது, விருப்பமானால் ஜூனில் வந்து சேரலாம். அவள் நின்றபடியே கேட்டு, “சரி மேம், வாரேன் மேம்” என்றாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“ரெண்டாம் கிளாஸ்” என்றாள் என்னிடம். “தவளை கொஞ்சம் கொறையும். ஆனா குதிக்கத்தான் செய்யணும்.”

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. “அந்த மூணு படி இருக்குல்லா, அது வந்து…”

“வாட்ச்மேன் சொன்னாரு” என்றாள்.

“என்ன சொன்னாரு?”

“‘ஒங்க வீட்டுக்காரரு சாப்பாடு கொண்டாந்தாரு, பத்து நிமிசத்துலயே கொண்டாந்தத அப்படியே திருப்பிக் கொண்டு போயிட்டாரு. எதும் கோவமா தாயி? சுகர வச்சிக்கிட்டு பட்டினி கெடக்காதீங்க’ன்னாரு.”

எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்துதான் இருந்தேன்.

“அப்ப அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“எப்படிப் போச்சுன்னு நான் கேட்டப்ப…”

“பாத்தேன். நல்லா நடிச்சீங்க.” அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். “நீங்க பாதியில போயிட்டீங்க. மிச்சத்தக் கேக்கலை. தப்புன்னு சொல்லிட்டு அந்தச் சார்ட்ட நானே எறக்கினேன். ரெண்டும் ஒண்ணுதான்னு போர்டுல எழுதி, மழையப் பத்திக் கேட்டானே ஒருத்தன், அவனையே ரெண்டு வாக்கியம் சொல்ல வச்சேன். நல்லாச் சொன்னான். மேடம் அதுக்குத் தலையாட்டுனாங்க. ஆனா மொத இருவது நிமிசத்த என்ன செய்ய?”

“எம் பேரச் சொல்லியிருக்கலாம்லா? வீட்டுல சொல்லிக் குடுத்தாங்கன்னு…”

“எதுக்கு? வீட்டுக்காரரு சொன்னத அப்படியே எழுதிட்டு வந்து பிள்ளைகளுக்குப் படிச்சிக் காட்டுத டீச்சர்னு பேரு வாங்கவா? அதுக்கு நானே தப்பாச் சொன்னேங்கது எவ்வளவோ தேவல.”

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று ஐந்து நாளாக நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் கொஞ்சம் சுகம்கூட இருந்தது, வெட்கத்தோடு சேர்ந்து. அவள் என்னை நினைக்கவே இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்னை அந்த அறைக்குள் விடாமல் கதவைச் சாத்தியிருக்கிறாள். நான் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்திருக்கவே வேண்டாம்.

“நாளைக்குப் போயி மேடத்தப் பாத்துச் சொல்லிருதேன். எல்லாம் நான் செஞ்ச கூத்துன்னு. ஒருவேளை மனசு மாறுவாங்க” என்றேன். உண்மையாகவே போயிருப்பேன். என்ன பேசுவது என்றுகூட மனதுக்குள் வரிசைப்படுத்திவிட்டேன், கும்பிட்டு ஆரம்பிக்க வேண்டும் என்று.

“வேண்டாம்.”

“ஒரு வார்த்தைதான…”

“ஒங்களுக்கு நெஞ்சுப் பாரம் எறங்கும். எனக்கு என்ன எறங்கும்? தப்பு எம் பேர்ல நின்னுபோச்சு, தப்புன்னு சொல்லித் திருத்தினதும் எம் பேர்ல நிக்கி. அது ரெண்டையும் சேத்து நீங்க எடுத்துக்கிட்டுப் போவாதீங்க. மன்னிப்பு கேக்கணும்னா இங்கன கேளுங்க.”

கேட்டேன். ஆயிரம் பேருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவனுக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு அவள் மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனாள். நானும் பின்னால் போனேன். கிளிப்புகளைக் கழற்றி அவள் என் கையில் போடப் போட, நான் வாங்கிக்கொண்டு நின்றேன்.

“அடுத்த வருசம் மேல் வகுப்புல இடம் வந்தா, மறுபடி ஒரு டெமோ எடுக்கச் சொல்லுவாங்களாம்” என்றாள், என்னைப் பார்க்காமல்.

“நல்ல விசயம்லா.”

“அன்னைக்கு ஒருநாள் மட்டும் நீங்க வெள்ளன எந்திரிச்சிக் கடைக்குப் போயிருங்க. காப்பிகூட அங்கனயே குடிச்சிக்கிடுங்க.”

போகிறேன் என்றேன்.